பாறைக்கு அப்பாலிருந்து கேட்ட குரல்

மலை ஒன்று குறுக்கே நின்றால் அதைச் சுற்றிச் செல்வதும், அதன்மேல் ஏறிக் கடப்பதும் மனிதர் தொன்றுதொட்டு அறிந்த வழிகள். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. மலையின் வயிற்றைக் குடைந்து அதனூடே செல்வதே அது. தொலைவில் மிகக் குறுகியது அவ்வழியே. ஆனால், அதற்குக் கொடுக்கப்படும் விலையோ மிகப் பெரிது. சுரங்கப்பாதைகளின் வரலாறு பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. திருவிவிலியத்தைக் கையில் எடுப்போருக்கும், உழைப்பின் மாண்பைக் குறித்துக் கவலைகொள்வோருக்கும் அதில் கற்றுக்கொள்ளப் பல உண்டு. 1880-ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. ஒன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடியில்; மற்றொன்று எருசலேமின் மண்ணுக்கு அடியில். அவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எசேக்கியாவின் வாய்க்கால்

எருசலேமின் பழைய பகுதியான தாவீதின் நகருக்கு நீர் தந்தது கீகோன் ஊற்று. அது மலைச்சரிவில், தாக்க வரும் பகைவர் எளிதில் கைப்பற்றக்கூடிய இடத்தில் இருந்தது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் செனகெரிபு யூதாவின்மீது படையெடுத்தான். முற்றுகையைத் தாங்க வேண்டுமாயின் நீர் நகருக்குள் வரவேண்டும். பகைவனுக்கோ அது கிட்டலாகாது. எசேக்கியா அரசர் ஊற்றின் நீரைப் பாறைக்குள் குடைந்த வாய்க்கால் வழியாக நகரின் மேற்குப் புறத்துக்குத் திருப்பினார் என்று அரசர் இரண்டாம் நூலும் (20:20), குறிப்பேடு இரண்டாம் நூலும் (32:30) கூறுகின்றன. நம் திருவிவிலியத்தின் இணைத் திருமுறை நூலாகிய சீராக்கின் ஞானமோ, அவர் இரும்புக் கருவியால் பாறையைப் பிளந்ததையும் நினைவுகூர்கிறது (48:17).

இன்றும் அவ்வாய்க்காலில் நீர் ஓடுகிறது. அதன் நீளம் 533 மீட்டர். ஊற்றுக்கும் குளத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 320 மீட்டர்தான். வாய்க்காலோ பாம்புபோல் வளைந்து வளைந்து செல்கிறது. இயற்கையிலேயே பாறையில் இருந்த வெடிப்பைப் பின்பற்றினார்கள் என்பர் சிலர். மேலிருந்து தட்டிய ஓசையைக் கேட்டுக் கீழிருந்தவர்கள் திசை தேர்ந்தார்கள் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மட்ட வேறுபாடு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அளவே. திசைகாட்டி இல்லாத காலத்தில், விளக்கொளியில், இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்த இரு குழுவினர் நடுவில் சந்தித்தார்கள்.

1838-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற விவிலிய ஆய்வாளர் தம் தோழருடன் அவ்வாய்க்காலில் தவழ்ந்து சென்று அதை அளந்தார். ஆயினும், அதன் சுவரில் இருந்த எழுத்துகள் அவர் கண்ணில் படவில்லை. 1880-இல் அங்கு நீராடிய சிறுவன் ஒருவன்தான், குளத்துப் பக்க வாயிலுக்குச் சில மீட்டர் உள்ளே, சுவரில் பொறிக்கப்பட்ட எழுத்துகளைக் கண்டான். பழைய எபிரேய எழுத்தில் அமைந்த ஆறு வரிகள் அவை. பின்னர் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்கல்வெட்டு கூறும் செய்தி வியப்புக்குரியது. அதில் அரசரின் பெயர் இல்லை. வெற்றி முழக்கமும் இல்லை. இரு பக்கத்தாரும் கோடரி கொண்டு குடைந்து வருகையில், இன்னும் மூன்று முழம் பாறை எஞ்சியிருந்தபோது, ஒருவர் மற்றவரை அழைக்கும் குரல் கேட்டதாக அது சொல்கிறது. பின்னர் கோடரியை நோக்கிக் கோடரியாக வெட்டினார்கள். நீர் ஊற்றிலிருந்து குளத்துக்கு ஓடியது. தலைக்குமேல் இருந்த பாறையின் உயரம் 100 முழம். அவ்வளவே. கட்டளையிட்டவரைப் பற்றி விவிலியம் பேசுகிறது. கல் உடைத்தவர்களைப் பற்றிக் கல்வெட்டு பேசுகிறது.

எதிர்ப்புறத்தில் இருந்தவனைக் குறிக்கக் கல்வெட்டு ஆளும் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். 'ரேயா' என்னும் எபிரேயச் சொல் அது. தோழன், உடனிருப்பவன், அயலான் என்றெல்லாம் பொருள்படும். உன்மீது அன்புகூர்வதுபோல் அடுத்திருப்பவர்மீதும் அன்புகூர வேண்டும் என்ற லேவியர் நூலின் கட்டளையிலும் (19:18) அதே சொல்தான் வருகிறது. பாறைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல், குரலாக மட்டும் கேட்கும் மனிதனுக்கு அந்தப் பழங்காலத் தொழிலாளர் இட்ட பெயர் 'அயலான்' என்பதே.

பாறை தரும் காலக்கெடு

இவ்விடத்தில், மண்ணுக்கு அடியில் குடையும் கலையின் அடிப்படைகளைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

மலைக்குள் ஒரு துளை இட்டால், மேலுள்ள பாறை முழுவதும் அத்துளையின்மீது விழுந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. துளைக்கு மேலுள்ள சுமை இரு பக்கங்களுக்கும் விலகிச் சென்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு வில்வளைவாகத் தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. நம் பழைய கோவில்களின் வாயில்களில் கல் வளைவு சுமையைப் பக்கங்களுக்குப் பிரித்தனுப்புவது போன்றதே இதுவும். ஆகவே, சுரங்கம் அமைப்போர் முதலில் நாடும் துணை பாறையே. ஆனால், அத்துணைக்கு ஒரு காலக்கெடு உண்டு. கெட்டியான கருங்கல் ஆண்டுக்கணக்கில் தாங்குதலின்றி நிற்கும். உடைந்து நொறுங்கிய பாறை சில மணி நேரமே நிற்கும். ஈர மணலோ ஒரு நொடியும் நில்லாது. அக்கெடு முடிவதற்குள் தூண், வளைவு, காரை ஆகியவற்றால் தாங்குதல் கொடுத்தாக வேண்டும். பாறை கெட்டியாயின் நீண்ட அடி எடுத்து வைக்கலாம். பாறை நலிந்ததாயின் சிற்றடியே வைக்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரியப் பொறியாளர்கள் வகுத்த முறை இதனையே நெறிப்படுத்தியது: குடைந்த உடனே மெல்லிய சிமெந்துப் பூச்சைத் தெளித்து, பாறை எவ்வளவு அசைகிறது என்பதை நாள்தோறும் அளந்து, அதற்கேற்பத் தாங்குதலைக் கூட்டுவது.

மண் நலிந்த இடத்தில் குடைவோரைக் காக்க வேறொரு வழி தேவைப்பட்டது. கப்பலின் மரத்தைத் துளைக்கும் கடற்புழு, தன் மென்மையான உடலைத் தலையிலுள்ள ஓட்டால் காத்து, துளைத்த வழியில் பின்புறம் சுண்ணப்பூச்சு இட்டுக்கொண்டே முன்னேறும். அதைக் கண்ட மார்க் புருனெல் 1818-இல் இரும்புக் கவசம் ஒன்றைத் திட்டமிட்டார். லண்டனில் தேம்சு ஆற்றுக்கு அடியில் 1825-இல் தொடங்கி 1843-இல் திறக்கப்பட்ட சுரங்கம் அக்கவசத்தின் துணையால் உருவானது. அதன் 36 அறைகளில் அறைக்கு ஒருவராக நின்று மண்ணை வெட்டினார்கள். ஆறு பலமுறை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. 1828 சனவரியில் ஆறு பேர் மூழ்கி இறந்தனர். சுரங்கத்துக்கு இறங்கும் குழியைப் புருனெல் அமைத்த விதம் நமக்குப் புதியதன்று. நிலத்தின்மேல் செங்கல் வளையத்தைக் கட்டி, உள்ளே மண்ணை அள்ள அள்ள அது தன் எடையாலேயே இறங்கும்படி செய்தார். நம் நாட்டில் மணற்பாங்கான நிலத்தில் உறைகிணறு இறக்கியவர்கள் அறிந்திருந்த கோட்பாடே அது.

திசை, காற்று, நீர் ஆகிய மூன்றும் எஞ்சிய கவலைகள். இரு முனையிலிருந்தும் குடைந்தால் காலம் பாதியாகும். ஆனால், கோடு சற்றே பிறழ்ந்தாலும் இரு குழுக்களும் ஒருவரையொருவர் காணாமலே கடந்துவிடும். உள்ளே செல்லச் செல்ல மூச்சுக் காற்று குறையும், வெடிப்புகை தங்கும். பாறையில் தேங்கிய நீரோ எப்போது உடைத்துக்கொண்டு வரும் என்று எவராலும் சொல்ல இயலாது.

கொத்தார்டு மலையின் அடியில்

இக்கவலைகள் அனைத்தும் ஒருங்கே கூடிய இடம் சுவிட்சர்லாந்தின் கொத்தார்டு மலை. வட பக்கத்தில் கோஷெனென், தென் பக்கத்தில் ஐரோலோ. இரண்டும் கத்தோலிக்க மக்கள் வாழும் மலைநாட்டு ஊர்கள். அவற்றுக்கு இடையே 15 கிலோமீட்டர் நீளத்தில் இருப்புப்பாதைச் சுரங்கம் அமைக்க, ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவ்ர் என்பவர் 1872-இல் ஒப்பந்தம் செய்துகொண்டார். எட்டு ஆண்டுகளில் பணி முடிய வேண்டும். தவறினால், நாள் ஒன்றுக்கு 5,000 பிராங்கு தண்டம். அத்தண்டத்தின் நிழல் அவர்மீது மட்டும் விழவில்லை. அவருக்குக் கீழ் உழைத்த ஒவ்வொருவர் மீதும் விழுந்தது.

தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். மலையருவிகளின் விசையால் காற்றை அழுத்தி, அக்காற்றைக் குழாய் வழியே உள்ளே செலுத்தித் துளைப்பொறிகளை இயக்கினார்கள். பொறியிலிருந்து வெளிவரும் காற்றே மூச்சுக்கும் உதவியது. 1871-இல் முடிந்த பிரெயூ சுரங்கத்தில் சொம்மையேர் என்ற பொறியாளர் கையாண்ட முறை அது. துளைகளில் நோபெல் 1867-இல் உரிமம் பெற்ற டைனமைட்டு வைத்து வெடித்தார்கள். ஆனால், பொறிகளுக்குப் போதுமான காற்று மனிதருக்குப் போதவில்லை. உள்ளே வெப்பம் 30 பாகையைத் தாண்டியது; புகை விலகவில்லை; முழங்கால் நீரில் நின்று வேலை. ஆண்டர்மட் சமவெளிக்குக் கீழே நலிந்த பாறை பிதுங்கி வந்து, கட்டிய கல் வளைவுகளை நசுக்கியது. அவ்விடத்தில் வளைவு மீண்டும் மீண்டும் கட்டப்பட்டது. பாறை தன் காலக்கெடுவை மனிதர் எழுதிய ஒப்பந்தத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவில்லை.

1875 சூலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நல்ல காற்றும், கூடுதல் கூலியும், அக்கூலி நிறுவனத்தின் கடைச்சீட்டாக அன்றிப் பணமாகக் கிடைப்பதுமே அவர்கள் கேட்டவை. படைவீரர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பணிக்காலம் முழுவதும் விபத்துகளில் இறந்தவர்களாகப் பதிவானவர்கள் 170-க்கும் மேற்பட்டோர். நோயால் நலிந்து ஊர் திரும்பி இறந்தவர்கள் இவ்வெண்ணிக்கையில் அடங்கார்.

அந்நோயின் கதை நம் மக்களுக்கும் தொடர்புடையது. தொழிலாளர் வெளிறி, மூச்சு வாங்கி, சோகை பிடித்து வீழ்ந்தார்கள். சுரங்கத்தின் கெட்ட காற்றே காரணம் என்று பலர் எண்ணினர். 1880-இல் தூரின் நகர அறிஞர் எதுவார்தோ பெர்ரோன்சித்தோ, அவர்கள் குடலில் கொக்கிப்புழு நிறைந்திருப்பதைக் கண்டறிந்தார். சுரங்கத்தில் கழிப்பிடம் இல்லை. வெப்பமும் ஈரமும் புழுவின் குஞ்சுகள் பெருக ஏற்றவையாய் இருந்தன. வெறுங்காலுடன் சேற்றில் நின்றவர்களின் தோலைத் துளைத்து அவை உடலுக்குள் புகுந்தன. நம் ஊர்ப்புறங்களிலும் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் இரத்தத்தை உறிஞ்சிய அதே புழு. அதற்கு வேண்டியிருந்த மாற்று மருந்தோடு முடிவதன்று. கழிப்பிடமும் காலுக்குச் செருப்பும் கிடைத்திருந்தால் பலர் பிழைத்திருப்பர். அவற்றின் செலவு, ஒரு நாள் தண்டத்தின் முன் எம்மாத்திரம்?

ஃபாவ்ரும் முடிவைக் காணவில்லை. 1879 சூலை 19-இல் சுரங்கத்தைப் பார்வையிடும்போதே உள்ளே மாரடைத்து இறந்தார். 1880 பிப்ரவரி இறுதியில் இரு பக்கத் துளைகளும் சந்தித்தன. பக்கவாட்டில் 33 சென்டிமீட்டர், உயரத்தில் 5 சென்டிமீட்டர் என்பதே கோட்டின் பிறழ்வு. முதலில் உண்டான சிறு துளை வழியாக, பெட்டியில் வைத்த ஃபாவ்ரின் படத்தை இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்கு அனுப்பினர். ஒருவருக்கொருவர் முகமறியாமல் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை நோக்கி ஒருவர் குடைந்து வந்தவர்கள், இறந்துபோன தம் தலைவரை முதலில் கடந்துசெல்ல விட்டார்கள். தம்மைப் பிழிந்த ஒப்பந்தத்தின் உரிமையாளரிடமும் அவ்வேழைகள் அன்பு பாராட்டினர் என்பது எண்ணத்தக்கது.

1882-இல் சுரங்கம் திறக்கப்பட்டபோது விருந்துகளும் உரைகளும் நிறைந்திருந்தன. அப்பகுதியைச் சேர்ந்த சிற்பி வின்செஞ்சோ வேலா, எவரும் கேளாமலே, புடைப்புச் சிற்பம் ஒன்றை வடித்தார். இறந்த தோழனைக் கட்டிலில் சுமந்து வரும் தொழிலாளரின் காட்சி அது. 'உழைப்பின் பலியாட்கள்' என்பது அதன் பெயர். அதன் வெண்கல வார்ப்பு 1932-இல்தான், ஐம்பதாம் ஆண்டு நினைவாக, ஐரோலோ நிலையத்தருகே வைக்கப்பட்டது.

திருச்சபை கேட்ட குரல்

சுரங்கம் குடைவோர் புனித பார்பராவைத் தம் பாதுகாவலராகக் கொள்கின்றனர். சுரங்க வாயிலில் அவருடைய உருவத்தை வைப்பதும், திசம்பர் 4-ஆம் நாள் வேலையை நிறுத்தித் திருப்பலியில் பங்கேற்பதும் ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். 1969-இல் பொது நாட்காட்டியிலிருந்து அவரது விழா எடுக்கப்பட்ட பின்னும் அவ்வழக்கம் மறையவில்லை. நாளை காலை வெளியே வருவோமா என்று அறியாதவருக்கு, விண்ணகத்தில் பரிந்துபேச ஒருவர் இருக்கிறார் என்பது சிறிய ஆறுதலன்று.

ஆயினும், வாயிலில் உருவம் வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. கொத்தார்டுச் சுரங்கம் திறக்கப்பட்ட ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1891-இல், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'புதியன பற்றி' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளியின் உழைப்பு சந்தைச் சரக்கன்று. அவனுக்கு நியாயமான கூலியும், ஓய்வும், சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டு என்று அம்மடல் நிலைநாட்டியது. சுரங்கங்களில் உழைப்போரின் வேலை கடுமையானது, ஆதலால் அவர்களின் வேலை நேரம் குறுகியதாயிருக்க வேண்டும் என்று அது தனியே எடுத்துரைப்பதும் கவனிக்கத்தக்கது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், வேலைக்காக மனிதன் அல்லன், மனிதனுக்காகவே வேலை என்று தம் மடலில் விளக்கினார். பாறைக்கு அப்பாலிருந்து வந்த குரல் திருச்சபையின் செவிக்கு எட்டியதன் அடையாளங்கள் இவை. அது சற்றுக் காலந்தாழ்ந்தே எட்டியது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பின்னர் நிலைமை மாறியது. அதே மலையின் அடியில் 57 கிலோமீட்டர் நீளத்தில் புதிய சுரங்கம் ஒன்று 2016 சூன் 1-இல் திறக்கப்பட்டது. முதன்மைத் துளைகள் 2010-இல் சந்தித்தபோது பிறழ்வு 8 சென்டிமீட்டர் மட்டுமே. பழைய சுரங்கத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமான அப்பணியில் இறந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதும் உயிர்களே, எனினும், காற்றுக்கும் காப்புக்கும் செலவிட மனம் வந்தால் எத்தனை உயிர்கள் காக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 2023 நவம்பர் 12, தீபாவளி நாள் அதிகாலையில், உத்தரகாண்ட் மாநிலத்தின் சில்க்யாரா சுரங்கத்தில் ஒரு பகுதி இடிந்து, 41 தொழிலாளர் உள்ளே அடைபட்டனர். தப்பிச் செல்லும் வழியோடு கூடியதாக 2018-இல் ஒப்புதல் பெற்ற அச்சுரங்கத்தில், அந்நாளில் அப்படியொரு வழி அவர்களுக்குக் கிட்டவில்லை. நொறுங்கிய இமயப் பாறைக்கு அப்பால் அவர்கள் உயிரோடிருப்பதை ஒரு சிறு குழாய் வழியாக வந்த குரலே உறுதிசெய்தது. அதன் வழியே காற்றும் உணவும் சென்றன. பெரும் துளைப்பொறி இறுதிச் சில மீட்டர்களில் சிதைந்து சிக்கிக்கொண்டது. அப்போது அழைக்கப்பட்டவர்கள், குறுகிய வளைகளில் கையால் குடைந்து பழகிய ஏழைத் தொழிலாளர். மனிதர் தவழ்ந்து செல்லும் அகலமே உள்ள இரும்புக் குழாய்க்குள் படுத்துக்கொண்டு, கையால் மண்ணை வெட்டி, 17-ஆம் நாள் அவர்கள் மறுபுறத்தை எட்டினர். 41 பேரும் உயிருடன் வெளிவந்தனர். பொறி நின்ற இடத்தில் அயலானின் கை தொடர்ந்தது.

சிலோவாம் குளக்கரையில்

எசேக்கியாவின் வாய்க்கால் சென்று சேரும் குளமே சிலோவாம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் இயேசு அங்கு சென்று கண்களைக் கழுவச் சொன்னார். அவர் கழுவினார், பார்வை பெற்றார் (யோவான் 9:7). ஆண்டவர் காலத்துக் குளத்தின் படிகள் 2004-இல் எருசலேமில் வெளிப்பட்டன. அவர் கண்களைக் கழுவிய நீர், ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் பெயரறியாத கல் உடைப்போர் திறந்துவிட்ட வழியே வந்த நீர். இருளில் உழைத்தவர்களின் வியர்வை, ஒருவருக்கு ஒளி கிடைத்த அருளடையாளத்தில் பங்கு பெற்றது.

ஆனால், இறைவாக்கினர் எசாயாவின் எச்சரிக்கையும் உண்டு. முற்றுகைக்கு அஞ்சி நீர்த்தேக்கம் அமைத்தவர்கள், அதை நெடுங்காலத்துக்கு முன்னரே திட்டமிட்டவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்று அவர் கடிந்துகொள்கிறார் (22:11). கட்டுமானத்தைக் கண்டு வியப்பவர் கடவுளை மறக்கலாம். கடவுளை மறப்பவர், அவர் சாயலாகப் படைக்கப்பட்ட தொழிலாளியையும் எளிதில் மறந்துவிடுவார்.

இன்று நம் சென்னை மாநகரிலும் மண்ணுக்கு அடியில் இரயில் ஓடுகிறது. அவ்வழியைக் குடைந்தவர்களுள் பலர் வடமாநில ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் மொழி நமக்குத் தெரியாது. நம் தெருக்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டும், நச்சுக்காற்றில் மடிவோர் செய்தி நின்றபாடில்லை. நம் பங்கிலோ பள்ளியிலோ இல்லத்திலோ குழிக்குள் ஒருவர் இறங்கும் வேலை வரும்போது, உள்ளே காற்று உண்டா, கரை சரியாதா, மேலே கயிற்றுடன் ஆள் உண்டா என்று கேட்பது பொறியாளரின் கடமை மட்டுமன்று. இறங்குபவர் நம் 'ரேயா'. மூன்று முழப் பாறைதான் நமக்கும் அவருக்கும் இடையே. அவர் அழைக்கும் குரலுக்குச் செவிகொடுப்பவரே, அடுத்திருப்பவரை அன்புசெய்யும் கட்டளையை நிறைவேற்றியவராவார்.